ஹேண்டில் கிரிப்: கேட்டு விற்க வேண்டிய சரக்கு



அரிசி, பருப்பு, எண்ணெய் வியாபாரம் பற்றியும், உரிமம், எடை, வரி பற்றியும் நம் பக்கங்களில் நிறையப் படித்திருக்கிறோம். உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்ட பொருள் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் கிரிப். "கைப்பிடி ரப்பரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று சிலர் சிரிக்கக்கூடும். நாற்பது ஆண்டுகளாக இருசக்கர வாகன உதிரிபாகங்களை மொத்தமாக விற்று வருபவன் நான். பிஸ்டன், செயின் செட், பிரேக் ஷூ எல்லாம் விற்று வராத பழி, இந்தக் கைப்பிடி ரப்பரால் எனக்கு வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பாக்கெட்டில் இரண்டு இடது

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் தொடங்கும் நேரம். வழக்கமாக வராத ஒருவர் கிரிப் சரக்கு கொண்டுவந்தார். ஜோடிக்கு மற்றவர்களைவிட நாலு ரூபாய் குறைவு. பார்க்கப் பளபளப்பாக இருந்தது. மேலாக இரண்டு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மொத்தச் சரக்கையும் இறக்கிக்கொண்டேன். ஒரு வாரத்தில் முடிச்சூர் சாலை, பெருங்களத்தூர், சேலையூர் என்று எல்லாப் பக்கத்துக் கடைகளுக்கும் போய்விட்டது.

இருபது நாள் கழித்து, என்னிடம் நெடுநாளாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வந்தார். வழக்கமாகச் சீட்டுடன் வருபவர், அன்று கையில் ஒரு கிரிப்புடன் வந்தார். அதை என் மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, இது உங்க கடைச் சரக்குதான். ரெண்டும் இடது பக்கத்து ரப்பர். பால் ஊத்துறவருக்குப் போட்டுக் கொடுத்தேன். ஆக்சிலேட்டர் திரும்பி வரல. வண்டி தடுப்புல மோதி மணிக்கட்டு உடைஞ்சு கிடக்கிறார்" என்றார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அளந்து பார்த்தபோது அவர் சொன்னது சரி. மிச்சம் இருந்த பாக்கெட்டுகளைப் பிரித்தால், பலவற்றில் இடது பக்கத்து ரப்பரே இரண்டு இருந்தது. கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்கினேன். யாரும் எடுத்து மறுபடி விற்றுவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் கத்தியால் கீறிக் கழித்தேன். பால்காரரின் வைத்தியச் செலவில் நான் ஒரு பங்கு கொடுத்தேன். அவர் இரண்டு மாதம் பால் கேன் தூக்க முடியாமல் இருந்ததற்கு நான் கொடுத்தது ஈடாகாது. ஜோடிக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போன கதை இது.

இடதும் வலதும் ஏன் ஒன்றல்ல

நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டில் பாரின் வெளி விட்டம் 22 மி.மீ., அதாவது முக்கால் அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம். இடது கிரிப் இந்த இரும்புக் குழாய் மீதே நேராக ஏறுகிறது. வலது கிரிப் அப்படியல்ல. பாரின் மீது ஆக்சிலேட்டர் குழாய் சுழல்கிறது; அந்தக் குழாயின் மீதுதான் ரப்பர் ஏறுகிறது. ஆகவே வலது ரப்பரின் உள் துளை இடதைவிடச் சில மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும்.

இடது ரப்பரைச் சோப்பு நீர் போட்டு வலுக்கட்டாயமாக வலப்பக்கம் ஏற்றினால் ஏறிவிடும். அதுதான் ஆபத்து. இறுக்கமான ரப்பர் பிளாஸ்டிக் ஆக்சிலேட்டர் குழாயை நசுக்கி, உள்ளே இருக்கும் பாரோடு உரசவைக்கும். கையை விட்டதும் சட்டென்று திரும்ப வேண்டிய ஆக்சிலேட்டர் மெதுவாகத் திரும்பும், அல்லது நின்றுவிடும். கடை வாசலில் ஓட்டிப் பார்க்கும்போது இது தெரியாது. மழையில், நெரிசலில், திடீரென்று வேகத்தைக் குறைக்கும்போதுதான் தெரியும்.

பழைய பஜாஜ் சேட்டக் போன்ற கையில் கியர் போடும் ஸ்கூட்டர்களில் இடப்பக்கமும் சுழலும். அங்கே ரப்பர் தளர்ந்து வழுக்கினால், கை திரும்பும், கியர் விழாது. அந்த வண்டிகளுக்கு மோட்டார் சைக்கிள் கிரிப்பைக் கொடுத்துவிடக் கூடாது. ஹார்லி டேவிட்சன் போன்ற சில வெளிநாட்டு வண்டிகளில் பார் ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் நம்பாமல், கடையில் ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்திருங்கள். அதன் விலை ஒரு முறை சரக்குத் திரும்பி வரும் நஷ்டத்தைவிடக் குறைவு.

வாங்க வருபவர் யார்?

1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் வண்டியை எடுத்து நடத்தத் தொடங்கிய காலத்தில், மோட்டார் சைக்கிள் என்பது அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் ஓட்டும் வண்டி. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. 1984, 1985 ஆண்டுகளில் இண்ட் சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பானியக் கூட்டில் நூறு சி.சி. வண்டிகள் வந்தன. அதன் பிறகு சம்பளக்காரர் வீட்டு வாசலிலும் வண்டி நின்றது. அன்று ஒருவர் நாளைக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம்.

இன்று நம் பகுதியைப் பாருங்கள். முடிச்சூரில் குடியிருந்து, வண்டலூர் - வாலாஜாபாத் சாலை வழியாக ஒரகடம் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள். சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் அலுவலகங்களுக்குப் போகிறார்கள். உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர்கள் நாள் முழுவதும் ஹேண்டிலைப் பிடித்தபடியே இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் கிளட்சைப் பிடித்து விடுவதே அவர்களுக்குப் பாதி வேலை. ஆகவே கிரிப் அழகுக்கு மாட்டும் பொருள் என்ற காலம் போய்விட்டது. பலருக்கு அது பிழைப்புக் கருவியின் கைப்பிடி.

கை மரத்துப் போவது ஏன்?

கிரிப் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் "கை மரத்துப் போகிறது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது அதிர்வு. 1918-இலேயே அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர், இண்டியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களைச் சோதித்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்து வேலை செய்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப் போவதை எழுதி வைத்தார். மோட்டார் சைக்கிள் அதிர்வு அந்த அளவுக்குக் கடுமை அல்ல. ஆனாலும் மணிக்கணக்கில் கையில் ஏறும் அதிர்வு விரல்களுக்கு நல்லதல்ல என்பதில் சந்தேகமில்லை.

இரண்டாவது அழுத்தம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி விளிம்பில் பாரம் விழுகிறது என்று பொருள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால், மணிக்கட்டு மடங்கியபடியே இருந்து நடு நரம்பு நெருக்கப்படுகிறது என்று கொள்ளலாம். இதற்கு ரப்பரை மாற்றுவதைவிட, ஹேண்டிலையும் பிரேக், கிளட்ச் லீவர்களையும் மணிக்கட்டு நேராக இருக்கும்படி திருப்பி வைப்பதே முதல் வைத்தியம். அதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

மூன்றாவது இறுக்கிப் பிடிப்பது. தேய்ந்து வழவழப்பான கிரிப்பை, வியர்வைக் கையோடு பிடிப்பவர் தன்னை அறியாமல் நெரித்துப் பிடிப்பார். குளிர் நாடுகளில் கிரிப்புக்குள் மின்கம்பி வைத்துச் சூடேற்றிக் கொள்கிறார்கள். நமக்கு வியர்வைதான் பகை. கடற்காற்றும் புழுக்கமும் உள்ள நம் ஊரில், ஈரத்தில் வழுக்காத கிரிப்தான் நல்ல கிரிப்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஆகவே வாடிக்கையாளர் "ஒரு ஜோடி கிரிப்" என்றவுடன் கொக்கியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிடாமல், மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. என்ன வண்டி, எந்த ஆண்டு?

ஒரே பெயரில் வரும் வண்டியிலும் உள்ளே மாறியிருக்கும். உதாரணமாக, பழைய புல்லட் அதிர்வுக்குப் பேர்போனது. 2020-இல் மீட்டியார் 350 வண்டியுடன் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த புதிய என்ஜினில், அதிர்வைச் சமன்செய்யும் தண்டு இருக்கிறது. பழைய வண்டிக்காரருக்கு மெத்தென்ற தடித்த கிரிப் ஆறுதல் தரும். புதிய வண்டிக்காரருக்கு அது தேவைப்படாமல் போகலாம்.

2. எந்தக் கை, எந்த இடத்தில் வலி?

இடது கை மட்டும் வலித்தால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். காய்ந்த கேபிள் லீவரைக் கல்லாக்கிவிடும். கேபிளுக்கு எண்ணெய் விட்டால் அல்லது மாற்றினால் சரியாகும். இரண்டு கையும் நடுங்கினால் என்ஜின் மவுண்டிங் போல்ட், ஹேண்டில் கோன் செட், வளைந்த பார், டயர் காற்று ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை விட்டு இறங்கிய பின்பும், இரவிலும் மரத்துப் போகிறது என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு நெருக்கம் அதிகம் வருகிறது. கிரிப் விற்று அதைத் தீர்க்க முடியாது.

3. ஆக்சிலேட்டர் தானாகத் திரும்புகிறதா?

வண்டி வாசலில் நின்றால் நீங்களே திருகிப் பாருங்கள். புதிய கிரிப் போடுவதற்கு முன்பே அது சோம்பலாகத் திரும்பினால், கேபிளைச் சரிசெய்யாமல் கிரிப் மாற்றக் கூடாது.

இந்த மூன்று கேள்விக்கு இரண்டு நிமிடம் ஆகும். சில நேரம் விற்பனை போய்விடும். கேபிளுக்கு எண்ணெய் விட்டால் போதும் என்று நான் திருப்பி அனுப்பியவர்கள், அடுத்த மாதம் செயின் செட்டுக்கு என்னிடம்தான் வந்திருக்கிறார்கள்.

ரப்பரின் தரம்

நல்ல ரப்பர் கிரிப் உழைக்கும், விலையும் அடக்கம். ரப்பருக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் குமரி மாவட்டத்தில் ரப்பர் விளைகிறது. அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலில் இருக்கிறது. ஆனால் கிரிப் என்ற பெயரில் வருவதெல்லாம் ரப்பர் அல்ல. பிளாஸ்டிக் கலவையும் வருகிறது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய தடம் உடனே மறைய வேண்டும். மடக்கிப் பாருங்கள், வெடிப்புக் கோடு தெரியக் கூடாது. முகர்ந்து பாருங்கள், கையில் கறுப்பு ஒட்டுகிறதா என்று வெள்ளைத் துணியில் தேய்த்தும் பாருங்கள். கறை ஒட்டும் சரக்கை வெள்ளைச் சட்டைக்காரருக்கு விற்றால், மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நிற்பார்.

மிக மென்மையான கிரிப்தான் சிறந்தது என்ற எண்ணம் தவறு. மென்மையான ரப்பர் பொடி அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பள்ளம் மேட்டின் குலுக்கலை அது தாங்காது. அது ஷாக் அப்சார்பர், டயர் இவற்றின் வேலை. மிகவும் குழைந்தால் பிடிமானம் போய், இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாகும். பொடி அதிர்வுக்கு, ஹேண்டில் முனையில் பொருத்தும் எடைகள் நல்ல பலன் தரும். பலர் அது அழகுக்கு என்று நினைத்துக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கிரிப் வாங்க வருபவரின் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

தடிமனும் கைக்குத் தக்கபடி வேண்டும். பெரிய கை உள்ளவருக்குத் தடித்த கிரிப் சுகம். சிறிய கை உள்ளவர்களுக்கும், வண்டி ஓட்டும் பெண்களில் பலருக்கும் தடித்த கிரிப் போட்டால் பிரேக் லீவர் எட்டாமல் போகும். பிடித்த பிடியை விடாமல் விரல் லீவரில் நன்றாகப் பதிகிறதா என்று வைத்துப் பார்த்தே விற்க வேண்டும்.

மேலே மாட்டும் ஸ்பாஞ்ச் உறைகள்

கிரிப்புக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் ஸ்பாஞ்ச் உறைகள் நன்றாக விற்கின்றன. அவற்றை நானும் விற்றிருக்கிறேன். இப்போது வலப்பக்கத்துக்கு விற்பதில்லை. காரணம் மூன்று. ஸ்பாஞ்ச் மழைநீரையும் வியர்வையையும் குடித்துக்கொள்ளும். வெயிலில் சில மாதங்களில் நைந்து உதிரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டாமல் மாட்டிய உறை நகர்ந்து ஸ்விட்ச் பகுதியிலோ லீவர் பிடியிலோ உரசினால் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொள்ளும். பால்காரருக்கு நடந்தது மறுபடி நடக்க நாமே வழி செய்யக் கூடாது. மெத்தென்று வேண்டும் என்பவருக்கு, பழைய ரப்பரைக் கழற்றிவிட்டு முழு ஸ்பாஞ்ச் கிரிப்பாக ஒட்டிப் போடலாம். அதை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லியே விற்க வேண்டும்.

மாற்றும் முறை

கடையிலேயே மாட்டிக் கொடுப்பவர்களும், மெக்கானிக் நண்பர்களும் கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

1. பழைய கிரிப்பை பிளேடால் நீளவாக்கில் கீறி உரிக்கலாம். வலப்பக்கம் அடியில் இருப்பது பிளாஸ்டிக் குழாய். ஆழமாகக் கீறினால் அது போய்விடும்.

2. பழைய பசை, துரு, எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும்.

3. கிரீஸ், என்ஜின் ஆயில் தடவி ஏற்றவே கூடாது. ரப்பரும் கெடும், கிரிப்பும் என்றைக்கும் வழுக்கும். பெட்ரோல் தொட்டு ஏற்றும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு. அது ஆவியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பரை உப்ப வைக்கும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ரப்பர் பசையை மெல்லிசாகத் தடவி உடனே ஏற்றுவது நல்லது. சோப்பு நீர் போட்டால் முழுக்க உலர நேரம் கொடுக்க வேண்டும்.

4. வலது கிரிப்பின் உள் விளிம்பு ஸ்விட்ச் பகுதியிலும், வெளி முனை பார் எடையிலும் உரசாமல், சிறிது இடைவெளி விட வேண்டும். பசை உள்ளே வழிந்து ஆக்சிலேட்டர் குழாயையும் பாரையும் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. மாலையில் மாட்டி, இரவு முழுவதும் விட்டு, காலையில் வண்டியை எடுப்பது உத்தமம். மழைக்காலத்தில் உலர இன்னும் நேரமாகும்.

6. கடைசியாகச் சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டு ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிக் கையை விடுங்கள். சட்டென்று திரும்ப வேண்டும். ஹேண்டிலை நேராக, இடக்கோடியில், வலக்கோடியில் என்று மூன்று நிலையிலும் இப்படிப் பாருங்கள். பிறகு கிரிப்பை இரண்டு கையாலும் பலமாகத் திருகுங்கள். ரப்பர் மட்டும் தனியாகச் சுழலக் கூடாது. இந்தச் சோதனை முடியாமல் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கொள்முதலும் இருப்பும்

ரப்பர் அரிசி மாதிரி அல்ல, பழசாகப் பழசாக மதிப்புக் கூடாது. வெயிலும் காற்றும் பட்டால் இறுகி வெடிக்கும். கடை வாசலில் தோரணமாகத் தொங்கவிடும் கிரிப்புகளைப் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, விற்கும் சரக்கை உள்ளே பெட்டியில் வையுங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போய் நேரடியாக எடுப்பவர்களும், நம் போன்ற மொத்தக் கடையில் எடுப்பவர்களும், பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். பில் இருந்தால்தான் தவறு நேரும்போது சரக்கைத் திருப்ப முடியும். எனக்கு அன்று பில் இல்லை. கொண்டுவந்தவரை அதன் பிறகு நான் பார்க்கவும் இல்லை.

ஜி.எஸ்.டி. என்றால் தாம்பரத்துக்காரர்களுக்கு முதலில் சாலைதான் நினைவுக்கு வரும். வரியான ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த லாபத்தை வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். விலை குறைந்த அளவுக்கு, அவரை இன்னும் ஒரு படி நல்ல சரக்கு வாங்கச் சொல்ல முடியும்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. வந்த சரக்கில் மேலாக இரண்டு பாக்கெட் பார்ப்பது சோதனை அல்ல. பெட்டிக்கு ஒன்றாவது நடுவிலிருந்து எடுத்து, இடதும் வலதும் அளந்து பாருங்கள். சில்லறைக் கடைக்காரர் நம்மை நம்புகிறார். அவரை மெக்கானிக் நம்புகிறார். மெக்கானிக்கை வண்டிக்காரர் நம்புகிறார். தொடக்கத்தில் நிற்பவன் அளக்காவிட்டால், கடைசியில் நிற்பவன் விழுகிறான்.

அந்தப் பால்காரர் மீண்டும் தொழிலுக்கு வந்தபின், நானே அவர் வண்டிக்கு அளந்து கிரிப் மாட்டிக் கொடுத்தேன். திருகி விட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு அண்ணாச்சி" என்றார். அந்த இரண்டு இடது ரப்பரில் ஒன்றைக் கழிக்காமல் என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புதிய சரக்கு வரும்போதெல்லாம் அதை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.

கிரிப் ஒரு ஜோடியில் நமக்கு மிஞ்சுவது காபிக் காசுதான். ஆனால் அதைப் பிடிக்கும் கைதான் நம் கல்லாவுக்குக் காசு கொண்டுவரும் கை. அந்தக் கை நலமாக இருக்க வேண்டும்.